காறாத எண்ணெய்: கொழுப்பு அமிலத்தைத் திருத்தி மருந்தாக்கும் முயற்சிகள்

முந்தைய மலர்களில் சமணக் காப்பியங்களைப் பற்றியும் வந்தவாசிப் பக்கத்துக் கல்வெட்டுகளைப் பற்றியும் எழுதி வந்தவன் நான். இந்த முறை எண்ணெயைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழு நண்பர், “என்ன நயினாரே, இலக்கியத்தை விட்டுட்டுக் கடைக்கே போயிட்டீங்களா?” என்று சிரித்தார். ஒரு வகையில் அது சரிதான். ஆனால் கடையில் ஆரம்பித்த விஷயம் கடையோடு நிற்கவில்லை.

என் தகப்பனார் வந்தவாசியில் செக்கெண்ணெய் வியாபாரம் செய்தவர். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மல்லாட்டை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் பிரதானம். நான் 1978இல் பம்பாய்க்கு வந்து மஸ்ஜித் பந்தரில் ஒரு எண்ணெய்க் கடையில் கணக்கெழுத உட்கார்ந்தேன். பிறகு சொந்தமாகவும் வியாபாரம் செய்தேன். ஊரை விட்டுக் கிளம்பும்போது அப்பா மூன்று விதிகளைச் சொல்லி அனுப்பினார். பழைய எண்ணெய் மிச்சம் இருக்கிற டின்னில் புது எண்ணெயை ஊற்றாதே. துருப் பிடித்த டின்னைத் தொடாதே. வெயில் படுகிற இடத்தில் சரக்கை வைக்காதே. மீறினால் எண்ணெய் காறிப் போகும், சிக்கு வாடை அடிக்கும், வந்த வாடிக்கை திரும்பி வராது. ஏன் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. நானும் நாற்பது வருஷம் கேட்காமலே கடைப்பிடித்தேன்.

கேட்க வேண்டி வந்தது 2017இல். ஊரிலிருந்து என் தங்கை மகள் போன் செய்தாள். அவள் மகனுக்கு அப்போது 12 வயது. இரண்டு வருஷமாக நடையில் தள்ளாட்டம், எழுத்தில் நடுக்கம், பேச்சில் குழறல். பள்ளிக்கூடத்தில் விழுந்து விழுந்து எழுந்தான். கடைசியில் மரபணுப் பரிசோதனை செய்து, ‘ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா’ என்று பெயர் சொன்னார்கள்.

“மாமா, மீன் எண்ணெய் மாத்திரை குடுத்தா நரம்பு தேறும்னு ஒருத்தர் வீட்டுக்கே வந்து சொல்றாரு. மாசம் நாலாயிரம் ஆகுமாம். பணம்கூடப் பெரிசில்ல. நம்ம வழக்கத்துக்கு அது ஆகாது. ஆனா புள்ளைக்குன்னு வரும்போது என்ன பண்றது? நீங்கதான் படிக்கிறவரு, பார்த்துச் சொல்லுங்க” என்றாள்.

அவளை அவள் அத்தை மகனுக்கே கட்டிவைக்கலாம் என்று முன்னின்று பேசி முடித்தவன் நான். எனவே அவளுக்குப் பதில் தேடுவது எனக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அப்படித் தேடிப் படித்ததில் தேறிய செய்திகளைத்தான் இங்கே தருகிறேன்.

எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது?

எந்த எண்ணெயானாலும் அதில் பெரும்பங்கு கொழுப்பு அமிலங்கள்தான். கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் கோத்த ஒரு சரம். ஒவ்வொரு கார்பனிலும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டியிருக்கும். சமையல் எண்ணெய்களில் 18 கார்பன் சரங்களே அதிகம். சரம் முழுவதும் ஹைட்ரஜன் நிறைந்திருந்தால் அது நிறைவுற்ற கொழுப்பு. பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள் இரண்டு, ஆளுக்கொரு ஹைட்ரஜனை விட்டுவிட்டுத் தங்களுக்குள் இரண்டு கைகளாகப் பிடித்துக்கொண்டால் அது இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்தில் சரம் முழங்கை மாதிரி வளையும். இரட்டைப் பிணைப்பு ஒன்றிருந்தால் ஒலிக் அமிலம், மல்லாட்டை எண்ணெயில் இது நிறைய. இரண்டிருந்தால் லினோலிக் அமிலம், சூரியகாந்தி எண்ணெயிலும் குசும்பா எண்ணெயிலும் மிகுதி. மூன்றிருந்தால் லினோலெனிக் அமிலம், ஆளி விதையில் உண்டு. ஒன்றுக்கு மேல் இரட்டைப் பிணைப்பு உள்ளவற்றைப் பன்மை நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் என்பார்கள். மீன் எண்ணெயில் உள்ள இ.பி.ஏ. 20 கார்பனும் ஐந்து இரட்டைப் பிணைப்பும் கொண்டது. டி.எச்.ஏ. 22 கார்பனும் ஆறு இரட்டைப் பிணைப்பும் கொண்டது.

இவை வெறும் தீனி அல்ல. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் மேலே ஒரு மெல்லிய கொழுப்புச் சவ்வு உண்டு. அந்தச் சவ்வு இறுகிப் போகாமல் நெகிழ்ந்து இருப்பது வளைந்த சரங்களால்தான். மூளையிலும் விழித்திரையிலும் டி.எச்.ஏ. ஏராளம். லினோலிக் அமிலத்தை நம் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும். ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி அமெரிக்காவில் 1929இலும் 1930இலும் எலிகளுக்குக் கொழுப்பில்லாத உணவு கொடுத்துப் பார்த்து இதை நிறுவினார்கள்.

காறுதல் எப்படி நடக்கிறது?

இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே ஒரு கார்பன் மாட்டிக்கொண்டிருக்கும். லினோலிக் அமிலத்தில் அது 11ஆவது கார்பன். அதில் ஒட்டியிருக்கும் இரண்டு ஹைட்ரஜன்களின் பிடிதான் சரத்திலேயே மிகவும் தளர்ந்த பிடி. வெயிலோ துருவோ ஏதாவது ஒன்று அங்கே ஒரு ஹைட்ரஜனைப் பறித்துவிட்டால் போதும். அந்த இடம் வெறுமையாகி, காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் ஏறிய சரம் சும்மா இருக்காது, பக்கத்துச் சரத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துத் தன்னை ஆற்றிக்கொள்ளும். இப்போது வெறுமை அதற்கு. அது அடுத்ததைப் பறிக்கும். இப்படியே ஒன்றைத் தொட்டு ஒன்றாகக் கெட்டுக்கொண்டே போகும். கடைசியில் சரங்கள் துண்டு துண்டாக உடைகின்றன. அந்தத் துண்டுகளின் வாசனைதான் நாம் முகர்கிற சிக்கு வாடை.

அப்பாவின் மூன்று விதிகளும் இதில் அடங்கிவிட்டன. பழைய எண்ணெயில் ஆக்சிஜன் ஏறிய சரங்கள் தயாராக இருக்கின்றன, புது எண்ணெயை ஊற்றியதும் அவை வேலையைத் தொடங்கிவிடும். துரு என்பது இரும்பு. ஆக்சிஜன் ஏறிய சரத்தை இரும்பு உடைத்து, பறிக்கும் துண்டுகளை மேலும் பெருக்கும். வெயில் முதல் பறிப்பைத் தொடங்கி வைக்கும். நல்லெண்ணெய் மட்டும் ஊறுகாய் ஜாடியில் மாதக்கணக்கில் தாங்குகிறதே, அது எப்படி? அதிலுள்ள செசமால் போன்ற பொருள்கள் பறிப்பவனுக்குத் தங்கள் ஹைட்ரஜனைக் கொடுத்து, தொடரை அங்கேயே நிறுத்திவிடுகின்றன.

இதே காறுதல் நம் செல்களின் சவ்விலும் நடக்கிறது என்பதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வைட்டமின் ஈ போன்ற காவலர்கள் உடம்பில் உண்டு. அப்படியானால் வைட்டமின் ஈ மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்தால் நோய் நிற்குமே என்று உலகமே நினைத்தது. 2000இல் வெளியான ‘ஹோப்’ என்ற சோதனையில் இதய நோய் அபாயம் உள்ள 9,541 பேரில் ஒரு பாதியினருக்கு நாலரை வருஷம் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்குப் பலன் ஒன்றும் இல்லை. காவலரைக் கூட்டுவது போதவில்லை என்றால் சரக்கையே திருத்த முடியுமா என்பது அடுத்த கேள்வி.

முதல் திருத்தம்: வனஸ்பதி

காறாத எண்ணெய் செய்ய மனிதன் முன்பே ஒரு வழி கண்டுபிடித்தான். ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நிக்கல் தூளை வைத்துக்கொண்டு எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்தினால் இரட்டைப் பிணைப்புகள் நிரம்பிவிடும், எண்ணெய் கெட்டியாகும். அதுதான் வனஸ்பதி. மாதக்கணக்கில் கெடாது. நானும் டின் டின்னாக விற்றிருக்கிறேன். ஆனால் நிரம்பாமல் மிச்சமான பிணைப்புகளில் பல, வளைவை இழந்து நேராகிவிடுகின்றன. அவைதான் டிரான்ஸ் கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்ல கொலஸ்ட்ராலை இறக்குகிறது என்று மென்சிங்க், காட்டன் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1990இல் காட்டினார்கள். நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

கெடாமல் இருப்பதற்காகச் சரத்தின் வளைவையே பலி கொடுத்ததுதான் இதில் நடந்த தவறு. கொழுப்பு அமிலத்தை மருந்துக்காகத் திருத்துகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான். எதை மாற்றுகிறோமோ அதை மட்டும் மாற்ற வேண்டும்.

கண்ணில் விடும் சொட்டு

அப்படி அளவாகத் திருத்தி வென்ற மருந்து ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது. கண் நீர் அழுத்த நோய்க்காக நான் தினமும் ராத்திரி ஒரு சொட்டு லாட்டனோப்ராஸ்ட் விட்டுக்கொள்கிறேன். நம் சங்கத்தில் வயதானவர்கள் பலர் இதை விடுகிறார்கள். இதன் பூர்வீகமும் கொழுப்பு அமிலம்தான் என்பது பலருக்குத் தெரியாது.

அராக்கிடோனிக் அமிலம் என்ற 20 கார்பன் சரத்தை உடம்பு நடுவில் மடக்கி ஒரு வளையமாக்கிச் செய்யும் பொருள்கள் புரோஸ்டாகிளாண்டின்கள். வலி, வீக்கம், ரத்த ஓட்டம், பிரசவம் எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஸ்வீடனின் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், இங்கிலாந்தின் ஜான் வேன் மூவருக்கும் இதற்காக 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பிரின் வேலை செய்வது இவை உருவாவதைத் தடுத்துத்தான் என்று வேன் 1971இல் காட்டினார்.

ஆரம்ப காலத்தில் இந்தப் பொருளை ஆட்டுச் சுரப்பிகளிலிருந்து துளித்துளியாக எடுத்தார்கள். பிறகு கரீபியன் கடலின் ஒரு பவழ இனத்திலிருந்தும் எடுத்தார்கள். அமெரிக்காவின் ஈ. ஜே. கோரி 1969இல் இதை ஆய்வுக்கூடத்தில் முழுமையாகத் தொகுத்துக் காட்டினார். எந்த ஜீவனும் இல்லாமல் அதே பொருள் கிடைத்தது. எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இயற்கையான புரோஸ்டாகிளாண்டின் கண் அழுத்தத்தைக் குறைத்தது, ஆனால் கண்ணை உறுத்திச் சிவக்க வைத்தது. ஆகவே சரத்தின் வால் பகுதியைக் குறைத்து அங்கே ஒரு பென்சீன் வளையத்தைப் பொருத்தினார்கள். உறுத்தல் வெகுவாகக் குறைந்தது. தலைப் பகுதியில் ஒரு எஸ்டர் மூடியைப் போட்டார்கள். மூடியோடு அது கருவிழியை எளிதாகக் கடக்கும், கடக்கும்போதே கருவிழியின் நொதிகள் மூடியைக் கழற்றிவிடும். அமெரிக்காவில் 1996இல் அனுமதி கிடைத்தது. கருவிழி நிறம் கறுப்பதும் இமை முடி நீள்வதும் சிலருக்கு வரும் பக்க விளைவுகள்.

மீன் எண்ணெயின் கதை

இனி தங்கை மகள் கேட்டதற்கு வருகிறேன். மீன் எண்ணெயிலிருந்து இ.பி.ஏ.வை மட்டும் பிரித்து, சுத்தம் செய்து, எத்தில் எஸ்டராக மாற்றிய மருந்து ஐகோசாபென்ட் எத்தில். ரத்தத்தில் டிரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு அமெரிக்கா 2012இல் இதை அனுமதித்தது. 2018இல் ‘ரெடியூஸ்-இட்’ சோதனை வெளியானது. 8,179 பேர், தினம் 4 கிராம். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு போன்றவை மருந்து எடுத்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 22 சதவீதம் பேருக்கும் வந்தன. பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள்.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மற்ற தரப்புக்குக் கொடுத்தது மினரல் ஆயில். அந்தத் தரப்பில் கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறியிருந்தது. மருந்து உயர்த்தியதா, இல்லை எதிர்த் தட்டு தாழ்ந்ததா என்ற சண்டை கிளம்பியது. 2020இல் ‘ஸ்ட்ரெங்த்’ என்ற இன்னொரு சோதனை வந்தது. இதில் 13,078 பேர். மருந்து இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்ந்தது, ஒப்பீட்டுக்குச் சோள எண்ணெய். பலன் இல்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். இரண்டிலும் மருந்து எடுத்தவர்களுக்கு இதயத் துடிப்புத் தாறுமாறாவது கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வியாபாரிக்கு இது நன்றாகப் புரியும். எடைக்கல் சரியில்லை என்றால் தராசு எதைக் காட்டினாலும் நம்ப முடியாது.

வீடு தேடி வந்த அந்த விற்பனையாளர் காட்டிய காகிதங்கள் எல்லாம் இதயத்தையும் ரத்தக் கொழுப்பையும் பற்றியவை. ஃப்ரீட்ரைக் அட்டாக்சியாவுக்கு மீன் எண்ணெய் அங்கீகரிக்கப்பட்ட மருந்து அல்ல. “புள்ளையா, விரதமான்னு நீ குழம்ப வேண்டியதே இல்லம்மா. அந்த மாத்திரை அவனுக்கான மருந்தே இல்ல” என்று சொன்னேன். போனில் அவள் அழுத சத்தம் கேட்டது. நிம்மதியா, ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

துருப் பிடித்த டின்

அந்த நோயைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மன் மருத்துவர் நிக்கோலஸ் ஃப்ரீட்ரைக் 1863இல் இதை விவரித்தார். காரணமான மரபணு 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஃப்ராடாக்சின் என்ற புரதம் உடம்பில் குறைந்துபோவதுதான் கோளாறு. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியில் இரும்பைச் சரியாகக் கையாள இந்தப் புரதம் வேண்டும். அது குறைந்தால் அங்கே இரும்பு தேங்குகிறது. இரும்பு தேங்கினால் சுற்றியுள்ள சவ்வு காறுகிறது. நரம்புகளும் இதயமும் தளர்கின்றன.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் இரண்டாவது விதி ஞாபகம் வந்து, புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கன ஹைட்ரஜன் என்ற யோசனை

டின்னை மாற்ற முடியாது, துருவையும் சுரண்டி எடுக்க முடியாது. எண்ணெயைத் திருத்தலாமா? ரஷ்யாவில் பிறந்த வேதியியலாளர் மிகைல் ஷெப்பினோவ் 2007இல் ஒரு யோசனையை வெளியிட்டார். இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே தளர்வாக இருக்கும் அந்த இரண்டு ஹைட்ரஜன்களை எடுத்துவிட்டு, அதே இடத்தில் டியூட்டீரியத்தை வைத்தால் என்ன என்பதே அது.

டியூட்டீரியம் என்பது கன ஹைட்ரஜன். 1931இல் ஹெரால்ட் யூரி கண்டுபிடித்தார், 1934இல் நோபல் பரிசு பெற்றார். வேதியியல் குணத்தில் அசல் ஹைட்ரஜன்தான், எடை மட்டும் இரண்டு மடங்கு. கதிர்வீச்சு கிடையாது. நாம் குடிக்கிற தண்ணீரிலும் ஆறாயிரத்துச் சொச்சம் ஹைட்ரஜனுக்கு ஒன்று இதுவாகத்தான் இருக்கிறது. எடை கூடுதல் என்பதால் கார்பனோடு இதன் பிடி இறுக்கம். பறிக்க வருபவன் இதைப் பிடுங்கப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்வான். அதற்குள் வைட்டமின் ஈ வந்து சேர்ந்துவிடும். வனஸ்பதியில் நடந்த தவறு இதில் இல்லை. இரட்டைப் பிணைப்பு அப்படியே இருக்கிறது, வளைவு அப்படியே இருக்கிறது. உடம்பு வித்தியாசம் பார்க்காமல் சவ்வில் வைத்துக் கட்டிக்கொள்ளும். லினோலிக் அமிலம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், வாய் வழியே கொடுத்தாலே அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும்.

எப்படிச் செய்கிறார்கள்? முதலில் கையாண்ட வழி, துண்டு துண்டாகக் கட்டுவது. நடுவில் வரவேண்டிய கார்பனில் முன்கூட்டியே டியூட்டீரியத்தை ஏற்றி, இருபுறமும் மும்மைப் பிணைப்புள்ள துண்டுகளை இணைத்து, கடைசியில் மும்மைப் பிணைப்பை இரட்டையாக மட்டும் குறைக்கும் வினையூக்கியைப் பயன்படுத்துவது. கை வேலை அதிகம், செலவும் அதிகம். 2017இல் ஷெப்பினோவும் கூட்டாளிகளும் இன்னொரு வழியை வெளியிட்டார்கள். ருத்தேனியம் என்ற உலோகத்தின் ஒரு சேர்மத்தை வினையூக்கியாக வைத்து, சாதாரணக் கொழுப்பு அமிலத்தைக் கனநீரோடு சேர்த்தால், நடு இடத்து ஹைட்ரஜன்கள் மட்டும் கனநீரிலிருக்கும் டியூட்டீரியத்தோடு இடம் மாறிக்கொள்கின்றன. மற்ற இடங்கள் தொடப்படுவதில்லை.

கனநீர் நமக்குப் புதிதல்ல. அணு உலைகளுக்காக நம் நாட்டில் நங்கலில் 1962இல் முதல் கனநீர் ஆலை வந்தது. 1978இல் தூத்துக்குடியில் உர ஆலையை ஒட்டி ஒரு ஆலை இயங்கத் தொடங்கியது. கனநீர் வாரியத்தின் தலைமையகம் நம் மும்பை அணுசக்தி நகரில்தான் இருக்கிறது. அணு உலைக்கு என்று மட்டும் நாம் அறிந்த சரக்கு மருந்துக்கும் மூலப்பொருளாகிறது. டியூட்டீரியம் ஏற்றிய முதல் மருந்தான டியூடெட்ராபெனசின் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹண்டிங்டன் நோயில் வரும் உடல் உதறலுக்கானது அது. கொழுப்பு அமிலம் அல்ல, ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

யோசனை சரியா என்று முதலில் ஈஸ்டில் பார்த்தார்கள். கோஎன்சைம் கியூ இல்லாத ஒரு வகை ஈஸ்டுக்கு லினோலெனிக் அமிலம் கொடுத்தால் செத்துவிடும், சவ்வு காறிவிடும். டியூட்டீரியம் ஏற்றிய லினோலெனிக் அமிலம் கொடுத்தபோது அது பிழைத்தது. 2012இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். எல்லாச் சரத்தையும் மாற்ற வேண்டியதில்லை, ஐந்தில் ஒரு பங்கு மாற்றினாலே காறுதல் வெகுவாக அடங்கிவிடுகிறது. வரிசையாகக் குடிசைகள் உள்ள தெருவில் தீப்பிடித்தால் தெரு முழுக்க எரியும். இடையிடையே ஓட்டு வீடு இருந்தால் தீ தாண்ட முடியாமல் நிற்கும், அதுபோலத்தான். பிறகு எலிகளின் கண்ணில் இரும்பைச் செலுத்திச் சோதித்தார்கள். டியூட்டீரியம் ஏற்றிய டி.எச்.ஏ. சாப்பிட்ட எலிகளின் விழித்திரை காப்பாற்றப்பட்டது. அந்த ஆய்வு 2022இல் வெளியானது.

தராசில் வைத்தபோது

டியூட்டீரியம் ஏற்றிய லினோலிக் அமிலத்தின் எத்தில் எஸ்டருக்கு ஆர்.டி.001 என்று பெயரிட்டு, ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். அதிக அளவாக நாளைக்கு 9 கிராம். அதில் டியூட்டீரியம் சுமார் 0.12 கிராம்தான். நம் உடம்பில் இயற்கையாகவே 2 கிராம் அளவுக்கு இருக்கிறது என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. இருபதுக்கும் குறைவான நோயாளிகளிடம் 28 நாள் நடந்த முதல் சோதனையின் முடிவு 2018இல் வந்தது. பெரிய தீங்கு எதுவும் இல்லை. உடற்பயிற்சித் திறனில் முன்னேற்றத்தின் அறிகுறியும் தெரிந்தது.

அந்தக் கட்டுரையைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. மூலப்பொருள் தாவர எண்ணெயில் கிடைக்கும் அமிலம், ஜீவ இம்சை இல்லை. எங்கள் குலத்தொழிலே எண்ணெய். எல்லாம் எங்களுக்காகவே அமைந்தது போலத் தோன்றியது. மறுநாள் காலையில் தங்கை மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இப்போது யோசித்தால் அது அவசரம். சின்னச் சோதனை என்பது மாதிரிச் சரக்கு மாதிரி. ஒரு கரண்டியை முகர்ந்துவிட்டு ஒரு டேங்கருக்கு விலை பேசக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் பேசிவிட்டேன்.

பெரிய சோதனையின் முடிவு 2021இல் வந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று எண்ணெய் என்று இரு தரப்புக்கும் தெரியாதபடி நடத்திய சோதனை அது. முதன்மை இலக்கை மருந்து எட்டவில்லை. வேறு சில நரம்பு நோய்களிலும் அதைச் சோதித்தார்கள். இந்தக் கட்டுரை எழுதும் நாள் வரை அது சந்தைக்கு வரவில்லை.

யோசனை தப்பா? அப்படிச் சொல்லிவிட முடியாது. நரம்புச் சவ்வில் பழைய சரங்கள் போய்ப் புதுச் சரங்கள் ஏற மாதங்கள் பிடிக்கும். தினசரிச் சாப்பாட்டில் வரும் சாதாரண லினோலிக் அமிலம் இதோடு இடத்துக்குப் போட்டி போடும். எல்லாவற்றுக்கும் மேலாக, காறுதல் என்பது நோயின் ஒரு கட்டம்தான். ஃப்ராடாக்சின் குறைவு என்ற மூலக் காரணம் அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே அழிந்த நரம்பு திரும்பவும் வராது. ஆனால் இவை எல்லாம் நியாயமான விளக்கங்கள், நிரூபணம் அல்ல. ஒரு யோசனை எவ்வளவு அழகாக இருந்தாலும் தராசுத் தட்டு தாழ்ந்தால்தான் எடை.

2023 பிப்ரவரியில் அமெரிக்கா இந்த நோய்க்கு முதல் மருந்தாக ஓமவெலோக்சலோனை அனுமதித்தது, 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அது கொழுப்பு அமில வகை அல்ல. செல்லின் சொந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டைத் தூண்டிவிடும் மருந்து. நோயைக் குணப்படுத்துவதில்லை, வேகத்தைக் குறைக்கிறது. அதன் விலை நம் போன்ற குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

நான் சொன்னதும் சொல்ல வேண்டியதும்

2021 முடிவை நான் போனில் சொல்லவில்லை. ஊருக்கே போய் உட்கார்ந்து சொன்னேன். தங்கை மகள் ஒன்றும் கேட்கவில்லை. பையன்தான், “தாத்தா, அந்த எண்ணெய் என்னாச்சு?” என்று கேட்டான். அப்போது அவனுக்கு 16 வயது. “தேறல கண்ணு. யோசனை நல்ல யோசனை, ஆனா பெரிய பரீட்சையில பாஸாகல” என்றேன். “அப்ப அடுத்த வருஷம் எழுதுமா?” என்றான். எழுதலாம் என்று மட்டும் சொன்னேன். இப்போது அவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். தபால் வழியில் பி.காம். படிக்கிறான். வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி சிகிச்சை, வருஷம் ஒரு முறை இதயப் பரிசோதனை. டாக்டர்கள் சொல்லும் இந்தச் சாதாரண விஷயங்கள்தான் இன்றுவரை அவனைத் தாங்குகின்றன.

அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, இந்த நோய் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். சுமப்பவர்கள் நல்ல ஆரோக்கியமாகவே இருப்பார்கள். இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால்தான் வரும் என்பதில்லை, ஆனால் சொந்தத்தில் கட்டும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. எங்கள் சமூகம் சிறியது, நம்மில் பல சமூகங்களிலும் மாமன் மகள், அத்தை மகன் வழக்கம் இருக்கிறது. ஜாதகம் பார்க்கிற நாம், குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி இருந்தால் மரபணு ஆலோசகரிடமும் ஒரு தடவை போக வேண்டும். இதை 2002இல் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணப் பேச்சில் நான் வேறு விதமாக நடந்திருப்பேன்.

இரண்டு, எண்ணெய் மருந்து என்று யாராவது வீடு தேடி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த நோய்க்கே சோதித்தார்களா? எத்தனை பேரிடம், எத்தனை நாள்? எதோடு ஒப்பிட்டார்கள்? பதில் தெளிவாக வராவிட்டால் ரூபாயை முந்தானையில் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

இக்கட்டுரையில் வேதியியல் தெரிந்த அன்பர்கள் பிழை ஏதும் கண்டால் அடுத்த மலருக்குள் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். மருந்து விஷயத்தில் என் வார்த்தையை நம்பாமல் உங்கள் மருத்துவரைக் கேட்கவும். நான் எண்ணெய் வியாபாரி, வைத்தியன் அல்ல.